காபி போட எழுந்தவர்

லெபனானில் எங்கள் ஊரான ஸஹ்லேயில் ஒருவருக்கு மனசு சரியில்லை என்றால் முதலில் பாதிரியாரிடம் போவார். பிறகு மாதா நிற்கிற குன்றுக்கு வெறுங்காலோடு ஏறுவார். பிறகு யாரோ ஒரு சித்தி சொன்னாள் என்று எதையோ காய்ச்சிக் குடிப்பார். எல்லாம் ஆகி, இனிப் போக்கிடமே இல்லை என்று தெரிந்த பிறகுதான் என்னிடம் வருவார். அதுவும் காரை அடுத்த தெருவில் நிறுத்திவிட்டு, என் கட்டடத்தின் கீழே இருக்கிற மூக்குக்கண்ணாடிக் கடைக்கு வருகிறவர் போலச் சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டு. ஊரில் பாதிப் பேருக்குக் கண் கெட்டுவிட்டது என்று மீதிப் பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

என் பெயர் ஓதில் கஸ்ஸூஃப். மனநல ஆலோசகர். நான் டாக்டர் இல்லை. ஆனாலும் எல்லோரும் டாக்டர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். திருத்தித் திருத்தி வாய் வலித்து, விட்டுவிட்டேன்.

இந்த வேலையில் எனக்கு இரண்டு பக்கமும் அடி. பெய்ரூட்டில் என்னோடு படித்தவர்கள் என் கழுத்துச் சிலுவையைப் பார்த்துவிட்டு, "நீ சிகிச்சை குடுக்கறியா, இல்ல ஞாயித்துக்கிழமை மறைக்கல்வி எடுக்கறியா?" என்று கேட்பார்கள். எங்கள் ஊர்ப் பெரிய பாதிரியாரோ, "ஜெபம் பண்ணினா போதாதா மகளே, இதுக்கு எதுக்கு தனியா ஒரு ஆபீஸ்?" என்பார். இந்த இருவருக்கும் நடுவில் நிற்கிறவர்கள் எங்கள் பக்கத்தில் நாலே பேர். மாதத்தில் ஒரு வியாழக்கிழமை, கன்னியர் மடத்தின் கீழ்த்தளத்தில், குழந்தைகளுக்கு மறைக்கல்வி நடக்கிற அறையில் கூடுவோம். நாற்காலிகள் எல்லாம் குழந்தைகளுடையவை. முழங்கால் முகவாயில் இடிக்க உட்கார்ந்துகொண்டு, பைபிளிலிருந்து ஒரு சங்கீதம் வாசித்துவிட்டு, அந்த மாதம் எங்களால் தூக்க முடியாத பாரத்தை ஒருவர் முன் ஒருவர் இறக்கி வைப்போம்.

நக்லேதான் மூத்தவர். போதையில் விழுந்த பையன்களுக்கான இல்லத்தில் வேலை. வாயைத் திறந்தால் திட்டு. ஷாந்தால் சின்னப் பெண், பள்ளிக்கூட ஆலோசகர். திட்டத் தெரியாது, அழத் தெரியும். நாலாவது ஆள் அபூனா கத்தாஸ். அபூனா என்றால் ஃபாதர். மனநலமும் படித்தவர். எங்கள் கிரேக்கக் கத்தோலிக்க முறையில் சாமியார் கல்யாணம் செய்துகொள்ளலாம். அவருக்கு மனைவியும் மூன்று பிள்ளைகளும் உண்டு. மனைவி சுட்ட வெண்ணெய் பிஸ்கட் ஒரு டப்பா இல்லாமல் அவர் வந்ததில்லை.

ஒரு குளிர்காலத்தில், இந்த வேலையை விட்டுவிட்டு அண்ணனுடைய திராட்சைத் தோட்டத்துக்குப் போய்விடுகிறேன் என்று அவர்களிடம் சொன்னேன். நக்லே, "தாராளமா போ. ஆனா அடுத்த மாசக் கூட்டத்துக்கு வந்து எல்லார்கிட்டயும் முறையா சொல்லிட்டுப் போ" என்றார். அடுத்த மாதம் போனேன். அதற்குள், என்னிடம் சிகிச்சைக்கு வருகிற ஒரு பெண், பல மாதங்களில் முதல் முறையாக நிம்மதியாகத் தூங்கினேன் என்று சொல்லியிருந்தாள். அதைச் சொல்லும் அவசரத்தில், விட்டுப் போகிற பேச்சு மறந்தே போனது. இது கடவுள் எனக்குக் கொடுத்த வேலை என்று நான் நம்புவதற்கு அந்த மூன்று பேர்தான் காரணம். தனியாக இருந்திருந்தால் என்றைக்கோ நம்பிக்கை விட்டுப்போயிருக்கும்.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. ஊர் சின்னது. நான் யாரைப் பற்றிப் பேசினாலும் பெயரை மறைப்பேன், தொழிலை மாற்றுவேன், பிள்ளைகளை மாற்றுவேன். அப்படியும் ஏதாவது ஒரு மூலையில் ஆள் தெரிந்துவிடும். அதற்காக ஒரு விதி வைத்திருந்தோம். பேசப்படுகிறவர் யாரென்று தெரிந்துவிட்டவர், ஒன்றும் சொல்லாமல் எழுந்து சமையலறைக்குப் போய்க் காபி போட வேண்டும். பேச்சு முடிந்த பிறகுதான் திரும்பி வர வேண்டும். யாரும் ஏன் என்று கேட்கக் கூடாது.

அபூனாவுக்கு இந்த விதி கத்திமேல் நடப்பது போல. சனிக்கிழமை மாலைகளில் பாதி ஊர் அவரிடம்தான் பாவசங்கீர்த்தனம் செய்கிறது, தன் பாவங்களைச் சொல்லி மன்னிப்புக் கேட்கிறது. அங்கே கேட்டதை அவர் சாகும்வரை வெளியே விடக் கூடாது. வாயால் மட்டுமல்ல, முகத்தால், நடையால், எதனாலும். ஆள் தெரிந்தபோது மட்டும் அவர் எழுந்தால், எழுந்ததே ஒரு பேச்சாகிவிடும். அதனால் அவர் தெரிந்தாலும் எழுவார், தெரியாவிட்டாலும் எழுவார், சில நாள் சங்கீதத்தின் நடுவிலேயே எழுவார். எங்களையும் அப்படியே பழக்கினார். மடத்துத் தலைமைச் சகோதரி, "நீங்க மனசை ஆராயற கூட்டமா, காபிக் கொட்டைய காலி பண்ற கூட்டமா?" என்று கேட்டிருக்கிறாள். ஆக, அபூனா எழுந்தார் என்பதற்கு ஒரு அர்த்தமும் கிடையாது. அது எனக்கு நன்றாகவே தெரியும்.

இந்தக் கோடையின் தொடக்கத்தில் நான் ஃபவ்வாஸைப் பற்றிப் பேசினேன்.

ஃபவ்வாஸ் செயற்கைப் பல் செய்கிறவர். ஐம்பதை நெருங்குகிறார். ஒரே மகன் நசீப், கனடாவில் இருந்துகொண்டு பனியைப் படம் எடுத்து அனுப்புகிறான். மனைவி நுஹாத் நல்லவள். பெரிய சோகம் என்று எடுத்துக் காட்ட ஒன்றும் கிடையாது. ஆனால் மனிதர் உள்ளுக்குள் வற்றிக்கொண்டே வந்தார். ஒரு நாள், "காலையில எழுந்திருக்கறதுக்கு ஒரு காரணம் தேடறேன் டாக்டர். ஒவ்வொரு நாளும் தேடறது களைப்பா இருக்கு" என்றார். செத்துப்போகிற எண்ணம் உண்டா என்று நேராகவே கேட்டேன். நேராகவே உண்டு என்றார். எங்கள் பக்கத்தில் வேட்டைத் துப்பாக்கி இல்லாத வீடு கிடையாது. அதை வீட்டைவிட்டு வெளியே அனுப்புங்கள் என்று அவரிடம் மன்றாடினேன். அடுத்த முறை வந்தபோது, "குடுத்துட்டேன். நம்பிக்கையான ஆள்கிட்ட" என்றார். யார் என்று கேட்டதற்குத் தலையை மட்டும் ஆட்டினார். நம்புகிறேன் என்றேன். அன்று அவர் முகம் கொஞ்சம் தெளிந்திருந்தது.

வியாழக்கிழமை அவரைத் தச்சராக்கினேன். இரண்டு பெண் பிள்ளைகளைக் கொடுத்தேன். துப்பாக்கியை மட்டும் என்னால் மாற்ற முடியவில்லை.

"வீட்டுல வேட்டைத் துப்பாக்கி இருந்துச்சு. நம்பிக்கையான ஒருத்தர்கிட்ட குடுத்துட்டேன்னு சொல்றார். யார்கிட்டன்னு சொல்ல மாட்டேங்கறார்" என்றேன்.

அபூனா எழுந்தார். எப்போதும்போல் சோம்பல் முறித்துக்கொண்டு, "யாருக்கு சர்க்கரை வேணும்?" என்று கேட்டு எழவில்லை. விருட்டென்று எழுந்தார். குட்டி நாற்காலி அவர் அங்கியில் மாட்டிக்கொண்டு வந்து தரையில் விழுந்தது. அதை எடுத்து வைக்கக்கூட நிற்காமல் போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் காபி பொங்கி அடுப்பில் கருகுகிற வாசனை வந்தது. நான் பேசி முடிக்கும்வரை அவர் வரவில்லை. பிறகு வந்து கோப்பைகளை வைத்தபோது தட்டுகள் ஒன்றோடொன்று இடித்துச் சத்தம் போட்டன.

நக்லே ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். என் காதில் ஏறவில்லை. என் மனசு ஒரே இடத்தில் போய் நின்றுவிட்டது. ஃபவ்வாஸ் யாரிடமும் துப்பாக்கியைக் கொடுக்கவில்லை. என்னிடம் பொய் சொல்லிவிட்டு, பொய் சொன்னதை அபூனாவிடம் பாவசங்கீர்த்தனத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறார். துப்பாக்கி இன்னும் வீட்டில்தான் இருக்கிறது. அது தெரிந்ததால்தான் இவர் காபியைக் கருக விட்டிருக்கிறார்.

முற்றத்தில், அவருடைய பழைய காரின் அருகில் அவரைப் பிடித்தேன்.

"அபூனா, ஒரே ஒரு விஷயம்."

"காபி கசந்துடுச்சு இல்ல? பொங்க விட்டுட்டேன்."

"காபிய விடுங்க. நான் உங்ககிட்ட எதையும் கேக்கல. அந்த ஆள் வீட்டுக்கு நான் போன் பண்ணணுமா, வேண்டாமா? அதை மட்டும் சொல்லுங்க."

"எந்த ஆள் வீட்டுக்கு?"

"அபூனா."

அவர் அங்கிப் பைக்குள் சாவியைத் தேடிக்கொண்டே இருந்தார். சாவி கையில்தான் இருந்தது. "ஓதில், நீ பார்த்ததை வச்சு, உன் காதால கேட்டதை வச்சு உன் வேலைய செய். என்னை வச்சு செய்யாதம்மா."

"அப்ப சும்மாதான் எழுந்தீங்களா?"

"சும்மாதான்னு இன்னைக்கு சொன்னா, என்னைக்காவது நான் சும்மாதான்னு சொல்லாத அன்னைக்கு நீ என்ன நெனைச்சுப்ப?"

அதற்கு மேல் அவர் பேசவில்லை. பேசவும் முடியாது. ஆமாம் என்றால் குற்றம், இல்லை என்றாலும் குற்றம் என்று ஒரு இடத்தில் மாட்டிக்கொண்டு நின்றார். எனக்கு அவர்மேல் இரக்கம் வந்திருக்க வேண்டும். வந்தது கோபம். ஒரு உயிர் போகப் போகிறது, இவர் சட்டம் பேசுகிறார் என்று பற்றிக்கொண்டு வந்தது. கார் கிளம்ப மாட்டேன் என்றது. அந்தக் கோபத்தோடேயே நான்தான் பின்னாலிருந்து தள்ளிவிட்டேன்.

அவர் சொன்னது எவ்வளவு நேரான வார்த்தை. என்னை வச்சு செய்யாதே. நான் அதில் எனக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டேன். இவ்வளவு கலங்குகிறார் என்றால் நிச்சயம் ஏதோ இருக்கிறது என்று எடுத்துக்கொண்டேன்.

முதலில் ஃபவ்வாஸைக் கூப்பிட்டிருக்க வேண்டும். ஷாந்தாலுக்கு நானே அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். ஆனால் அவர் பொய் சொல்கிறார் என்று முடிவு கட்டிய பிறகு அவரிடம் கேட்டு என்ன பயன்? உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் வீட்டுக்குச் சொல்வேன் என்று முதல் நாளே அவரிடம் சொல்லியிருந்தேன். அவரும் சம்மதித்து மனைவியின் நம்பரைக் கொடுத்திருந்தார். ஆகவே நான் விதியை மீறவில்லை. இதை நினைத்து ஆறுதல் பட முடிகிறவர்கள் பட்டுக்கொள்ளலாம்.

"நுஹாத், நான் ஓதில் பேசறேன். ஃபவ்வாஸ் என்கிட்ட வர்றது உங்களுக்குத் தெரியும்ல?"

"தெரியும் டாக்டர். கண்ணாடி மாத்தப் போறேன்னு சொல்லிட்டு வருவார். ஆனா கண்ணாடியே போட்டதில்ல."

"வீட்டுல வேட்டைத் துப்பாக்கி இருக்கா?"

"பரண்ல கெடக்கும். எதுக்கு கேக்கறீங்க?"

"ஏறிப் பாருங்க. நான் லைன்லயே இருக்கேன்."

ஏணி சுவரில் உரசுவது கேட்டது. ஏதோ டப்பா விழுந்து உருண்டது. அவள் திரும்பி வந்தபோது குரல் மாறியிருந்தது. "உறை மட்டும்தான் இருக்கு டாக்டர். துப்பாக்கிய காணோம்."

துப்பாக்கி வீட்டில் இல்லை என்றால் என்ன பொருள்? கொடுத்துவிட்டேன் என்று அவர் சொன்னது உண்மை என்று பொருள். ஒரு குழந்தைகூட அப்படித்தான் எடுத்துக்கொள்ளும். ஆனால் என் தலைக்குள் அபூனாவின் நாற்காலி இன்னும் விழுந்துகொண்டேயிருந்தது. அப்படியானால் வேறெங்கோ ஒளித்து வைத்திருக்கிறார் என்று நினைத்தேன்.

"அவர் இப்ப எங்க இருக்கார்?"

"பட்டறையில."

"தனியா போகாதீங்க. யாரையாவது கூட்டிட்டுப் போங்க."

அவள் தன் அண்ணன் தம்பி இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு போனாள். நடந்ததை மறுநாள் கண்ணாடிக் கடைக்காரன்தான் எனக்குச் சொன்னான். அவனுக்கு அது வெறும் ஊர்ச் செய்தி. மச்சான்கள் இரண்டு பேரும் பட்டறையைத் தலைகீழாகப் புரட்டியிருக்கிறார்கள். அலமாரிகளை இழுத்து, சுண்ண அச்சுகளையும் காய்ந்துகொண்டிருந்த பல் வரிசைகளையும் தரையில் கொட்டியிருக்கிறார்கள். தெரு கூடிவிட்டது. கறிக்கடைக்காரன் கத்தியும் கையுமாக வந்து நின்றானாம். ஃபவ்வாஸ் முதலில் ஒன்றும் புரியாமல் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். பெரிய மச்சான் அவர் சட்டையைப் பிடித்து, "துப்பாக்கிய எங்கடா வச்சிருக்க? என் தங்கச்சிய விதவையாக்கப் போறியா?" என்று கேட்டபோதுதான் விளங்கியிருக்கிறது.

"அபூனா கத்தாஸ்கிட்ட இருக்கு" என்று கத்தினாராம். "பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டு அவர் கையில குடுத்துட்டு வந்தேன். போதுமா? எல்லாருக்கும் கேட்டுச்சா?"

மச்சான்கள் அபூனாவின் கோவிலுக்குப் போனார்கள். பூசை உடுப்புகள் தொங்குகிற அலமாரியைப் பூட்டி, அதன் சாவியை அபூனா தன் சாவிக்கொத்தோடு வைத்திருந்திருக்கிறார். துப்பாக்கி அதற்குள் இருந்தது.

கண்ணாடிக் கடைக்காரன் சொல்லி முடித்துவிட்டு, "மனுசனுக்கு பைத்தியம் போலருக்கு, பாவம்" என்றான். நான் மாடி ஏறினேன். நம்பிக்கையான ஆள். அந்த ஆளின் முன்னால் உட்கார்ந்துதான் நான் அந்த வார்த்தையைச் சொன்னேன். அவர் எழுந்தது துப்பாக்கி அவரிடமே பத்திரமாக இருந்ததால். நான் அதை அப்படியே தலைகீழாகப் படித்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிடப் பயமாக இருந்தது. துப்பாக்கி எங்கே இருந்தால் என்ன? எங்கள் ஊரில் அது கிடைப்பதா கஷ்டம்? சாக நினைத்த ஒரு மனிதன் தன் கையால் அதை இன்னொரு மனிதன் கையில் கொடுத்திருக்கிறான். அதுதான் அவர் பிழைக்க ஆசைப்பட்டதற்கு அடையாளம். அதைத்தான் நான் தெருவில் போட்டு உடைக்க வைத்தேன்.

ஃபவ்வாஸ் தனக்குக் குறித்திருந்த நாளில், குறித்திருந்த நேரத்தில் வந்தார். காரை என் கட்டடத்தின் வாசலிலேயே நிறுத்தியிருந்தார்.

"இனிமே யாருக்குத் தெரியக்கூடாது?" என்று சொல்லிக்கொண்டே உட்கார்ந்தார். "அபூனா உங்ககிட்ட சொல்லிட்டார், இல்ல?"

"ஒரு வார்த்தை சொல்லல. மாதா மேல சத்தியம்."

"அப்ப எப்படித் தெரிஞ்சுது?"

சொன்னேன். வியாழக்கிழமைக் கூட்டத்தை, வேடம் போட்டு அவரைப் பற்றிப் பேசியதை, காபியை, எல்லாவற்றையும். மறைத்து இனி எதைக் காப்பாற்றப் போகிறேன்?

"என்னை என்னவா ஆக்கினீங்க?"

"தச்சரா."

"பிள்ளைங்க?"

"ரெண்டு பொண்ணுங்க."

"நல்லா இருக்காங்களா பொண்ணுங்க?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார். ஒரு கணம் பழைய ஃபவ்வாஸ் வந்துவிட்டார், எல்லாம் சரியாகிவிடும் என்றுகூட நினைத்தேன். பிறகு அவர் முகம் கடைக்கதவு இறங்குவதுபோல் இறங்கிவிட்டது.

"துப்பாக்கிய அவர்கிட்ட குடுத்தேன். மனசுல இருக்கறதை உங்ககிட்ட குடுத்தேன். ரெண்டும் ஒரே எடத்துல இருக்கக்கூடாதுன்னுதான் தனித்தனியா வச்சேன். நீங்கல்லாம் ஒண்ணா உக்காந்து காபி குடிக்கறவங்கன்னு எனக்குத் தெரியாது."

"தப்பு என் பேர்ல. அபூனா பேர்ல இல்ல."

"நான் சொன்னதை நம்பறேன்னு சொன்னீங்க."

"சொன்னேன்."

"நம்பினீங்களா?"

"அவர் எழுந்திருக்கற வரைக்கும் நம்பினேன்."

அவர் தலையை ஆட்டினார். கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் பிடித்துக்கொள்ள எனக்கு ஏதாவது இருந்திருக்கும்.

"என்கிட்ட வராட்டி பரவால்ல. அவர்கிட்டயாவது போங்க" என்றேன்.

"அவர் சும்மா உக்காந்திருந்தா இதெல்லாம் நடந்திருக்காது."

"அவரால வேற எதுவும் பண்ணியிருக்க முடியாது, ஃபவ்வாஸ்."

"நீங்க சொல்றீங்க" என்றார். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

கேட்டே ஆக வேண்டிய கேள்வியைக் கேட்டேன். "சாகணும்னு இப்பவும் தோணுதா?"

"முன்னாடி இதை நீங்க கேட்டா உண்மைய சொல்லணும்னு இருக்கும். இப்ப அப்படி இல்ல டாக்டர்." எழுந்துகொண்டார். "துப்பாக்கி மச்சான்கிட்ட இருக்கு. கவலைப்படாதீங்க."

கதவருகே போய் வழியை மறித்து நின்றேன். பெய்ரூட்டில் ஒரு நல்ல மனநல மருத்துவர் இருக்கிறார், நானே காரில் கூட்டிப் போகிறேன் என்றேன். எந்த நேரமும் கூப்பிடுங்கள் என்றேன். இன்னொரு முறை மட்டும் வாருங்கள், பேசாமல் உட்கார்ந்துவிட்டாவது போங்கள் என்று கெஞ்சினேன். கல்யாண வீட்டில் இன்னும் சாப்பிடச் சொல்கிறவர்களிடம் சொல்வதுபோல், "போதும், போதும்" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு என்னைச் சுற்றிக்கொண்டு போய்விட்டார்.

பெய்ரூட் மருத்துவரைக் கூப்பிட்டேன். கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றார். வர மாட்டார் என்றேன். நல்ல மனிதர், என்ன சொல்வதென்று தெரியாமல் என் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டார். நுஹாத்தைக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. ஃபவ்வாஸைக் கூப்பிட்டேன், மணி அடித்து அடித்து நின்றது. தினமும் அந்தக் கறிக்கடை வழியாக வீட்டுக்குப் போக ஆரம்பித்தேன். பட்டறையில் விளக்கு எரிந்தால் அன்றைக்கு மூச்சு வரும். மின்சாரம் போன நாட்களில் அதுவும் கிடையாது.

அடுத்த மாத வியாழக்கிழமை எல்லோரும் வந்திருந்தோம். அபூனாவும் பிஸ்கட் டப்பாவோடு வந்திருந்தார். சங்கீதம் வாசித்த பிறகு, வேடம் எதுவும் போடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். ஷாந்தால் வழக்கம்போல் கண்ணைத் துடைத்தாள்.

"நானா இருந்தாலும் அப்படித்தான் நெனைச்சிருப்பேன்க்கா" என்றாள்.

"அதான் எனக்கு பயமா இருக்கு" என்றார் நக்லே. பிறகு என்னைப் பார்த்து, "உன் எதிர்ல உக்காந்திருந்த மனுசனை விட்டுட்டு, காபிய நம்பின. வேற யார் செஞ்சிருந்தாலும் இந்நேரம் கிழிச்சிருப்பேன். உன்னைத் திட்டக்கூட வாய் வரல" என்றார். அவர் திட்டியிருக்கலாம். திட்டாதது இன்னும் வலித்தது.

அபூனா ஒன்றும் சொல்லவில்லை. ஊரே பேசுகிற விஷயத்தை, கறிக்கடைக்காரனுக்குத் தெரிந்த விஷயத்தை, அவர் ஒருவர் மட்டும் கேள்விப்படாதவர்போல் உட்கார்ந்திருந்தார். தெருவில் கத்துவதற்கு ஃபவ்வாஸுக்கு உரிமை உண்டு. ஃபவ்வாஸ் கத்திவிட்டதால் இவர் வாய் திறந்துவிடாது. அன்றுதான் அந்த மௌனத்தின் எடை எனக்குப் புரிந்தது. முற்றத்தில் நான் அவரிடம் கேட்டது என்ன என்பதும் புரிந்தது.

கடைசியில் அவர் சொன்னார். "நான் இனிமே வியாழக்கிழமை வரல. ரெண்டு நாற்காலியிலயும் உக்காரலாம்னு நெனைச்சேன். முடியாது போலருக்கு."

"சனிக்கிழமைய விடுங்க அபூனா" என்றாள் ஷாந்தால். "அதுக்கு வேற சாமியார் இருக்காங்க. எங்களுக்கு நீங்கதான் இருக்கீங்க."

"அங்க வரிசையில ஆளுங்க நிக்கறாங்கம்மா."

அந்த வரிசையில் ஃபவ்வாஸ் நிற்கிறாரா? என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அவர் கண்ணை ஒரு முறை மூடித் திறந்தால் போதும், அன்று நான் தூங்கியிருப்பேன். அவரும் நான் கேட்டுவிடுவேனோ என்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் கேட்கவில்லை. இந்தக் கோடை முழுக்க நான் உருப்படியாகச் செய்த ஒரே காரியம் அதுதான். அவர் பிஸ்கட் டப்பாவை எங்களிடமே விட்டுவிட்டுப் போனார். யாரும் அதைத் திறக்கவில்லை.

சில நாள் கழித்து, வேலை முடிந்து அறையைப் பூட்டுகிற நேரத்தில் நுஹாத் கூப்பிட்டாள். பக்கத்தில் தண்ணீர்க் குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு மெதுவாகப் பேசினாள்.

"பேசறதே இல்ல டாக்டர். வேலைக்குப் போறார், வர்றார், குடுத்ததை சாப்பிடறார். நசீப் போன் பண்ணினா எல்லாம் நல்லாருக்குன்னு சொல்லிட்டு என்கிட்ட குடுத்துடறார். சனிக்கிழமை கோவிலுக்குப் போவார், அதையும் விட்டுட்டார்."

நான் அபூனாவிடம் கேட்காமல் விட்ட கேள்விக்குப் பதில் இப்படி வந்து சேர்ந்தது.

"உங்ககிட்ட மறுபடி கூட்டிட்டு வரட்டுமா?"

"வர மாட்டார், நுஹாத்."

"நான் என்ன பண்ணட்டும் சொல்லுங்க."

தெரிந்ததைச் சொன்னேன். மனசில் என்ன இருக்கிறது என்று நேராகக் கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது என்றேன். மோசம் என்று பட்டால் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள், அண்ணன் தம்பியைக் கூப்பிட வேண்டாம், என்னைக் கூப்பிடுங்கள் என்றேன்.

"கேட்டா சொல்லுவாரா?"

"தெரியல."

"அவர் தூங்கற வரைக்கும் நான் முழிச்சிருந்து பாத்துக்கறேன். அது போதுமா?"

"எத்தனை நாளைக்கு முழிச்சிருப்பீங்க? போதாதும்மா."

பிறகு கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ள ஆசைப்பட்டுக் கேட்டாள்.

"அப்ப நீங்கல்லாம் எதுக்கு இருக்கீங்க டாக்டர்?"

இதற்கு என்னிடம் பதில் உண்டு. அழைப்பு, உடன் நடப்பது, சிலுவையின் அடியில் நிற்பது என்று எத்தனையோ மேடைகளில் சொல்லியிருக்கிறேன், நம்பித்தான் சொன்னேன். இப்போது போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றேன். அவளும் வைக்கவில்லை. குழாய்த் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

அப்போது அந்தப் பக்கம் நாற்காலி இழுபட்டது. ஃபவ்வாஸின் குரல் கேட்டது. கரகரவென்றிருந்தது, ஆனால் அவருடைய குரல்தான். இத்தனை நாளில் முதல் முறையாக அதைக் கேட்கிறேன். கடவுளே, இருக்கிறார் என்று நினைத்தேன்.

"யாரு போன்ல?"

"யாருமில்ல" என்றாள் நுஹாத். "வாங்க, சாப்பாடு ஆறுது."